வண்டி கிளம்பிவிட்டது, லைனில் இருங்கள்

“மாரியம்மன் கோயில் பக்கத்துலங்க, சீக்கிரம் வாங்க!” அவ்வளவுதான். அதற்குமேல் அழுகைச் சத்தம். தமிழ்நாட்டில் மாரியம்மன் கோயில் இல்லாத ஊர் எது? புதூர், புதுப்பட்டி, மேலத்தெரு என்று ஒரே பெயரில் மாவட்டத்துக்கு மாவட்டம் ஊரும் தெருவும் கிடக்கின்றன. எந்தத் தாலுகா, பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறதா, பஸ் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று அவசர அழைப்பு மையத்தில் ஹெட்செட் மாட்டிய பெண் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். பதறி நிற்பவருக்கு அது வீண் கேள்வியாகப் படுகிறது. “வண்டி அனுப்புறியா, இல்ல கேள்வியே கேட்டுக்கிட்டிருப்பியா?” என்று கத்துகிறார். இவர் குரலை உயர்த்த முடியாது. கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்கிறார். “வண்டி கிளம்பிடுச்சு சார், லைன்லயே இருங்க.”

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் பொதுவாக 112 இருக்கிறது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. எண் எதுவானாலும் எடுப்பவரின் வேலை ஏறத்தாழ ஒன்றுதான். இடத்தைப் பிடிக்க வேண்டும், என்ன நடந்தது என்று சில நொடிகளில் கணிக்க வேண்டும், அருகில் எந்த வண்டி சும்மா நிற்கிறது என்று பார்த்து அனுப்ப வேண்டும். கால் முடிந்ததும் அடுத்தது வந்துவிடும். அந்தக் குழந்தை பிழைத்ததா, அந்தத் தாத்தா கண் திறந்தாரா என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரியவே வராது. ஆம்புலன்ஸில் போகும் மருத்துவ உதவியாளராவது ஆஸ்பத்திரி வாசல்வரை போகிறார். இவருக்குக் கதையின் முதல் பக்கம் மட்டுமே கிடைக்கிறது. எட்டு மணி நேர ஷிஃப்ட் முழுக்க முதல் பக்கங்கள்.

“ஏசி ரூம்ல உட்கார்ந்து போன் பேசுற வேலைதானே” என்று வீட்டிலேயே சொல்கிறார்கள். அது அப்படியல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற நோயறி கையேடு, கொடுமையான நிகழ்வுகளின் விவரங்களை வேலையின் பகுதியாகத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலுக்குக் காரணமாகலாம் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. நேரில் பார்த்திருக்க வேண்டியதில்லை. தூக்கம் கெடுவது, வீட்டில் போன் அடித்தாலே நெஞ்சு திடுக்கிடுவது, ஒரு குறிப்பிட்ட குரல் மறுபடி மறுபடி காதில் ஒலிப்பது, பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுவது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அங்கே எடுப்பவரும் ஹெட்செட்டுக்குப் பின்னால் இருப்பவர்தான், புரிந்துகொள்வார்.

நம் சட்டம் இங்கே பாதி தூரம்தான் வந்திருக்கிறது. வேலையால் வரும் நோய்களுக்கு இழப்பீடு தருவதற்காகத் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ஒரு பட்டியல் உண்டு. இரைச்சலால் கேட்கும் திறன் குறைவது அதில் இருக்கிறது. கேட்டதால் மனம் உடைவது அதில் இல்லை. காதுக்கு இடம் கொடுத்த பட்டியலில் அந்தக் காது வழியே உள்ளே போனதற்கும் இடம் வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் உரக்கக் கேட்க வேண்டிய நேரம் இது. அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்தலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு. சந்தா நிபந்தனைகள் நிறைவேறியிருந்து, இஎஸ்ஐ மருத்துவர் ஓய்வு எழுதிக்கொடுத்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். மன நோய்க்கும் இது பொருந்தும். மனநலச் சிகிச்சை பெறுவது உரிமை என்றும், சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்றும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. “பைத்தியம்னு சொல்லிடுவாங்க” என்று பயந்து மூன்று ஆண்டு மாத்திரை எடுக்காமல் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவரை நினைத்துத்தான் இந்தப் பத்தியை எழுதுகிறேன்.

இனி, யாரும் வெளியே பேசாத விஷயம். இரவு ஷிஃப்டில் பெண் குரல் கேட்டால் போதும், ஆபாசமாகப் பேசுவதற்கென்றே அழைப்பவர்கள் இருக்கிறார்கள். வெட்டிவிட்டால் மறுபடி வருவார்கள். சில நேரம் ஒரே எண்ணிலிருந்து ஒரு ராத்திரியில் பல தடவை. “இந்த வேலையில அது சகஜம், கண்டுக்காதே” என்று மேலதிகாரி சொன்னால் அவர் சட்டத்தைச் சொல்லவில்லை.

பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர், தற்காலிக ஊழியர் எல்லோருக்கும் பொருந்தும். அதன் 19ஆவது பிரிவை ஒவ்வொரு மையத்தின் சுவரிலும் ஒட்டிவைக்க வேண்டும் என்பது என் ஆசை. பணியிடத்தில் தொடர்புக்கு வரும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்புத் தருவது நிறுவனத்தின் கடமை என்கிறது அது. குற்றம் செய்தவர் ஊழியராக இல்லாவிட்டாலும், அந்தப் பெண் விரும்பினால் குற்றவியல் நடவடிக்கைக்கு நிறுவனமே ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. சக ஊழியரோ மேலதிகாரியோ தொல்லை கொடுத்தால், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் உள்ளகக் குழுவிடம் எழுத்தில் புகார் தரலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் 50,000 ரூபாய் வரை அபராதம்.

போலீஸில் புகார் என்றால், பாலியல் பேச்சுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவும், பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் சொல்லுக்கு 79ஆம் பிரிவும் உண்டு. இரண்டாவதற்கு மூன்று ஆண்டு வரை சிறை. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், “எங்க எல்லை இல்லம்மா” என்று திருப்பி அனுப்பக் கூடாது. வழக்கறிஞருக்குக் காசு எங்கே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. எண் 15100.

சம்பள விஷயம் சுருக்கமாக. இதுபோன்ற மையங்கள் பலவற்றில் அரசு பணம் கொடுக்கும், ஆளை வைத்திருப்பது ஒப்பந்த நிறுவனம். அதனால் பொறுப்பு யாருடையது என்று பந்து உருண்டுகொண்டே இருக்கும். ஒப்பந்ததாரர் சம்பளம் தரவில்லை என்றால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும், சட்டத்தில் அது தெளிவாகவே இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி பணி நியமனக் கடிதம் கட்டாயம். வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புச் சம்பளம். இரவுப் பணிக்குப் பெண்ணின் சம்மதம் வேண்டும், பாதுகாப்புக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். பிஎஃப் பாஸ்புக்கை மாதம் ஒருமுறை போனில் திறந்து பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் வரவு இல்லையென்றால் அன்றைக்கே எழுதிக் கேளுங்கள்.

அழைப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊர், தாலுகா, பக்கத்து அடையாளம், பேசும் எண், இந்த நான்கையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வண்டி திரும்பும் முனையில் ஓர் ஆளை நிறுத்துங்கள். கேள்வி கேட்டால் வண்டி தாமதமாகும் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டிக்குத் தகவல் போயிருக்கும்.

கடைசியாக, இந்த வேலையில் இருப்பவர்கள் மறந்துவிடும் ஒன்று. ஆபாச அழைப்போ மிரட்டலோ வந்தால் சாட்சி உங்கள் மையத்தின் கணினியிலேயே இருக்கிறது, எல்லா அழைப்பும் பதிவாகிறது. ஆனால் அந்தப் பதிவுகள் என்றென்றும் இருப்பதில்லை, குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழிக்கப்படலாம். அவற்றை உங்கள் சொந்த போனில் நகலெடுக்காதீர்கள். அவற்றில் பிறர் நோய் விவரம் இருக்கலாம், நகலெடுத்ததையே காரணம் காட்டி உங்களை வெளியேற்றுவார்கள். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், அழைப்பு எண், என்ன சொன்னார், அப்போது ஷிஃப்டில் இருந்த டீம் லீடர் யார். ஷிஃப்ட் முடிந்து கிளம்பும் முன் நிர்வாகத்துக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள்: “இந்த அழைப்பின் ஒலிப்பதிவை அழிக்காமல் பாதுகாத்து வைக்கவும். இதுபற்றிப் புகார் கொடுக்க உள்ளேன்.” அதன் பிரதி ஒன்று உங்கள் சொந்த முகவரிக்கும் போகட்டும்.