ஹட்சன் கரையில் கரையேறிய பள்ளிகள்

1982 மே மாதம். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள யூனியன் சிட்டி என்ற சின்ன நகரத்தின் மேயர் வில்லியம் மஸ்டோவுக்கு ஏழு ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஊரின் இரண்டு உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கூடுதல் கட்டடம் கட்டிய ஒப்பந்ததாரரிடம் கமிஷன் வாங்கினார் என்பது வழக்கு. தண்டனை அறிவித்த மறுநாள் நகரத் தேர்தல். மஸ்டோ ஜெயித்தார்! தண்டனை பெற்றவர் என்பதால் பதவியில் அமர முடியவில்லை, அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பணத்தில் கைவைத்தவர் என்று நீதிமன்றம் சொன்ன பிறகும் ஊர் அவரைக் கைவிடவில்லை.

அதே ஊரில், 2011-ல், உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 89.5 சதவீதம் பேர் படிப்பை முடித்துச் சான்றிதழோடு வெளியே வந்தார்கள். அமெரிக்க தேசிய சராசரியைவிட ஏறத்தாழ பத்து புள்ளிகள் அதிகம். படித்தவர்களில் பெரும்பாலோர் ஸ்பானிஷ் மட்டுமே பேசும் வீடுகளிலிருந்து வந்த ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகள். இடைப்பட்ட காலத்தில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால், பள்ளிகளைச் சீர்திருத்துவது பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் எதுவும் இங்கே நடக்கவில்லை.

மன்ஹாட்டனிலிருந்து ஹட்சன் ஆற்றைக் கடந்தால் செங்குத்தான பாறை மேடு. அதன் மேல் இருக்கிறது யூனியன் சிட்டி. பரப்பளவு சுமார் 3.3 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 68,589. அமெரிக்காவிலேயே மிக நெரிசலான நகரங்களில் ஒன்று. ஒருகாலத்தில் எம்ப்ராய்டரித் தொழிலின் தலைநகர் என்று பெயரெடுத்த ஊர். 1959 புரட்சிக்குப் பிறகு கியூபாவிலிருந்து வந்தவர்கள் இங்கே குவிந்தார்கள். ஹட்சன் கரையின் ஹவானா என்றே பட்டப்பெயர் வந்தது. பிறகு டொமினிக்கன் குடியரசு, எக்வடோர், எல் சால்வடோர், மெக்சிகோ என்று அலை அலையாக மக்கள் வந்தார்கள். கடைத்தெருவான பெர்கன்லைன் அவென்யூவில் ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தால் போதும், எந்த வேலையும் நடக்கும். மேட்டின் விளிம்பில் நின்றால் எதிரே உலகத்தின் பணமெல்லாம் புரளும் மன்ஹாட்டன் கோபுரங்கள். இந்தப் பக்கம் ஒரே வீட்டை இரண்டு மூன்று குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் தெருக்கள்.

அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது நம் வருவாய் மாவட்டம் போன்றதல்ல. பள்ளிகளை நடத்துவதற்கென்றே இருக்கும் தனி உள்ளாட்சி அமைப்பு அது. தனிப் பள்ளிக் குழு, தனி கண்காணிப்பாளர், தனி பட்ஜெட். வருமானத்தில் கணிசமான பங்கு உள்ளூர் சொத்து வரி. சீமான்கள் வாழும் ஊரில் வீட்டு மதிப்பு அதிகம், வரி அதிகம், பள்ளியும் செழிப்பு. ஏழை ஊரில் வரி விகிதத்தை ஏற்றினாலும் கைக்கு வருவது சொற்பம். பிள்ளையின் படிப்பை அது பிறந்த தெருவின் மனை மதிப்பு தீர்மானிக்கும் ஏற்பாடு இது. இதைவிட அநியாயமான ஒரு நிதிமுறையைப் பள்ளிகளுக்காக யோசித்துக் கண்டுபிடிப்பது கடினம். இதை எதிர்த்த வழக்கு ஒன்று 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புக்கு வந்தது. கல்வி, தேசிய அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை அல்ல என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கதவை அடைத்தார்கள் நீதிபதிகள். அதன்பின் ஏழைகளுக்கு மிஞ்சியது மாநில நீதிமன்றங்கள்தான்.

1989-ல் யூனியன் சிட்டி மாவட்டம் அடிமட்டத்தில் இருந்தது. மாநில அரசு வைத்திருந்த 52 அளவுகோல்களில் 44-ல் தோல்வி. பக்கத்து ஊரான ஜெர்சி சிட்டியின் பள்ளிகளை அந்த ஆண்டுதான் மாநில அரசு நேரடியாகக் கைப்பற்றியது. அமெரிக்காவில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அடுத்த குறி யூனியன் சிட்டி என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. திருத்திக்கொள்ள ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை ஒப்புக்கொண்டு மாவட்டம் தப்பித்தது. அப்போது மேயராக இருந்தவர் ராபர்ட் மெனண்டெஸ். மஸ்டோவின் நிழலில் அரசியலுக்கு வந்து அவருக்கு எதிராகவே சாட்சி சொன்னவர், இருபது வயதிலேயே ஊரின் பள்ளிக் குழுவில் இடம்பிடித்தவர், பின்னாளில் செனட்டர். 2024-ல் லஞ்ச வழக்கில் அவரும் குற்றவாளி என்று தீர்ப்பானது. ஊர் அரசியலின் லட்சணத்தைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நல்ல அரசியல் வந்தால்தான் நல்ல பள்ளி வரும் என்று காத்திருந்தால் இங்கே ஒன்றும் நடந்திருக்காது.

படிப்பைச் சீரமைக்கும் பொறுப்பு, இருமொழிக் கல்விப் பிரிவைக் கவனித்துவந்த ஃப்ரெட் கேரிக்கிடம் வந்தது. வெளியிலிருந்து நிபுணர் படை வரவில்லை. ஆசிரியர்களைக் கூண்டோடு நீக்கவில்லை. பள்ளிகளை மூடவில்லை. உள்ளூர் ஆசிரியர்களைக் குழுக்களாக உட்காரவைத்து, எந்த வகுப்பில் பிள்ளை எதைப் படிக்கவேண்டும் என்பதை முதலிலிருந்து எழுதவைத்தார்கள். எல்லா வகுப்பிலும் ஒரே நாளில் மாற்றம் கொண்டுவரவும் இல்லை. கீழ் வகுப்புகளில் தொடங்கி, அந்தப் பிள்ளைகள் மேலே போகப்போக மாற்றமும் கூடவே மேலேறியது.

மாற்றம் கண்ணுக்கும் தெரிந்தது. வரிசையாகப் போட்டிருந்த ஒற்றை மேசைகள் போய், நாலைந்து பிள்ளைகள் சுற்றி உட்காரும் மேசைகள் வந்தன. கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சித்தாள் போய், வகுப்புக்குள்ளேயே கதைப்புத்தக அலமாரி வந்தது. காலையில் நீண்ட நேரம் வாசிப்புக்கும் எழுத்துக்கும் மட்டும் ஒதுக்கப்பட்டது. ஆங்கிலம் வராத பிள்ளையையும், கற்றல் குறைபாடுள்ள பிள்ளையையும் வகுப்பிலிருந்து எழுப்பி வேறு அறைக்கு அழைத்துப்போகும் பழக்கம் இருந்தது. எல்லோர் முன்னாலும் எழுந்து போகும் அந்தக் குழந்தைக்கு அது தினசரி அவமானம். அதை நிறுத்திவிட்டு, சிறப்பு ஆசிரியரை வகுப்புக்குள் அனுப்பினார்கள். ஆசிரியர்களுக்கான பயிற்சி நேரம் பல மடங்கு கூடியது.

மொழி விஷயத்தில் எடுத்த முடிவுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. வந்த முதல் நாளே ஆங்கிலத்தில் தள்ளிவிடு, நீந்தக் கற்றுக்கொள்ளும் என்பது அமெரிக்காவின் பல ஊர்களில் நடந்த முறை. இங்கே ஸ்பானிஷ் பேசும் குழந்தை முதலில் ஸ்பானிஷில் எழுத்துக்கூட்டவும் வாசிக்கவும் யோசித்து எழுதவும் பழகியது. அந்தத் திறன் கையில் வந்தபின் படிப்படியாக ஆங்கிலத்துக்கு மாறியது. வாசிக்கத் தெரிவது என்ற திறமை ஒருமுறைதான் கற்கவேண்டியது. அதைத் தெரிந்த மொழியில் கற்பது எளிது. பெற்றோரும் வீட்டில் உதவ முடிந்தது. பள்ளியிலிருந்து போகும் கடிதத்தைப் படிக்கத் தெரியாத அம்மா, பள்ளி வாசலுக்கே வரமாட்டாள். தன் மொழி பேசும் ஆசிரியை இருந்தால் தினமும் வருவாள்.

1993-ல் தொலைபேசி நிறுவனமான பெல் அட்லாண்டிக், கிறிஸ்டோபர் கொலம்பஸ் பள்ளியின் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு வகுப்பறையிலும் வீட்டிலும் கம்ப்யூட்டர் கொடுத்தது. மதிப்பெண்கள் ஏறின. 1996 பிப்ரவரியில் அதிபர் பில் கிளிண்டனும் துணை அதிபர் அல் கோரும் வந்து பார்த்துப் பாராட்டினார்கள். பெயர் கம்ப்யூட்டருக்குப் போனது. ஆனால் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே பாடத்திட்டமும் வகுப்பறையும் மாறத் தொடங்கியிருந்தன. எழுத நிறைய விஷயம் இருந்த பிள்ளைகளின் கையில் எழுதும் கருவி வந்து சேர்ந்தது. கருவியை மட்டும் வாங்கிக் கொடுத்த எத்தனையோ ஊர்களில் அது தூசி படிந்ததுதான் மிச்சம்.

இதற்கெல்லாம் பணம்? அது ஒரு நீண்ட நீதிமன்றப் போராட்டம். நியூஜெர்சி அரசியல் சட்டத்தில் 1875-லேயே, எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுமையான, திறமான இலவசப் பள்ளிமுறையை அரசு தரவேண்டும் என்று சேர்த்திருந்தார்கள். ஏட்டில் உறங்கிக்கொண்டிருந்த அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வழக்குகள் வந்தன. பள்ளி நிதிக்கு வழிசெய்யும்வரை பள்ளிகளுக்குப் பணம் செலவிடக்கூடாது என்ற மாநில உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு 1976 ஜூலையில் அமலுக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டன. சில நாட்களுக்குள் சட்டமன்றம் அடித்துப்பிடித்து மாநில வருமான வரியைக் கொண்டுவந்தது. 1981-ல் ஏழை நகரங்களைச் சேர்ந்த 20 குழந்தைகள் சார்பில், எஜுகேஷன் லா சென்டர் என்ற பொதுநலச் சட்ட அமைப்பு அபட் எதிர் பர்க் என்ற வழக்கைத் தொடுத்தது. 1990-ல் தீர்ப்பு. யூனியன் சிட்டி உள்ளிட்ட ஏழை மாவட்டங்களில் ஒரு மாணவருக்குச் செலவிடும் தொகை, பணக்காரப் புறநகர்களில் செலவிடும் தொகைக்குச் சமமாக இருக்கவேண்டும். அரசு இழுத்தடித்தது. நீதிமன்றம் திரும்பத் திரும்பக் குட்டியது. ஒரே வழக்கில் இருபதுக்கும் மேற்பட்ட தீர்ப்புகள்!

1998 தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. இந்த மாவட்டங்களில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் தரமான முன்பருவக் கல்வி தரவேண்டும். எப்படிப்பட்ட வகுப்பு என்பதைப் பின்னால் வந்த தீர்ப்பும் விதிகளும் வரையறுத்தன. வகுப்புக்கு 15 குழந்தைகளுக்கு மேல் கூடாது. பட்டம் பெற்றுச் சான்றிதழ் வாங்கிய ஓர் ஆசிரியர், கூடவே ஓர் உதவியாளர். நாள் முழுக்கப் பள்ளி. யூனியன் சிட்டி இதை இறுகப் பற்றிக்கொண்டது. ஊருக்குள் ஏற்கெனவே இயங்கிய குழந்தைகள் காப்பகங்களை மூடாமல், அவற்றின் ஆசிரியைகளைப் பட்டம் பெறவைத்து, அதே பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். முதல் வகுப்புக்கு வரும்போதே குழந்தைக்கு இரண்டு ஆண்டுப் பேச்சும் கதையும் எண்ணும் கூடவே வந்தன. மாநிலம் முழுக்க இந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஐந்தாம் வகுப்பு வரையிலும் பலன் நீடிப்பதைக் கண்டார்கள். ஒரே வகுப்பில் தேங்கும் பிள்ளைகளும் குறைந்திருந்தார்கள்.

பணம் வந்ததால்தான் எல்லாம் நடந்தது என்பீர்களா? அதே தீர்ப்பின் பணம் கடற்கரை ஊரான ஆஸ்பரி பார்க்குக்கும் போனது. அங்கே தேர்வு முடிவுகள் எழுந்திருக்கவே இல்லை. சில மைல் தூரத்தில் உள்ள நியூவர்க்கையும் பாருங்கள். 1995-ல் அதன் பள்ளிகளை மாநில அரசு கைப்பற்றியது. 2010-ல் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஜுக்கர்பெர்க், ஓப்ரா வின்ஃப்ரேயின் டிவி நிகழ்ச்சியில் அமர்ந்து, அந்தப் பள்ளிகளுக்கு 10 கோடி டாலர் அறிவித்தார். ஐந்தே ஆண்டுகளில் நாட்டுக்கே முன்மாதிரி என்றார்கள். ஆலோசகர்களுக்கு மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் போனது. பள்ளிகள் மூடப்பட்டன, பெற்றோர் கொதித்தார்கள். ஓரளவு முன்னேற்றம் இருந்தது, ஆனால் சொன்னது நடக்கவில்லை. யூனியன் சிட்டியில் டிவி அறிவிப்பு இல்லை, கோடிகளைக் கொட்டும் புரவலர் இல்லை. இருந்தது உத்தரவாதமான பணம். அதோடு, ஊரைவிட்டுப் போகாத ஆசிரியர்கள் ஒரே திசையில் இருபத்தைந்து ஆண்டுகள் செய்த வேலை.

இந்தப் பள்ளிகளைக் கிட்ட இருந்து பார்த்து எழுதிய பெர்க்லி பேராசிரியர் டேவிட் கெர்ப், 2013-ல் வெளியிட்ட 'இம்ப்ராபபிள் ஸ்காலர்ஸ்' நூலில் வந்து சேரும் முடிவும் ஏறக்குறைய இதுதான்.

குறைகளும் இருக்கின்றன. கீழ் வகுப்புகளில் தெரியும் வெற்றி உயர்நிலைப் பள்ளியில் மங்குகிறது. பதினைந்து வயதில், ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாமல், சில சமயம் பள்ளியையே அதிகம் பார்க்காமல் வந்து சேரும் பிள்ளைகளுக்கு மூன்று வயது வகுப்பின் பலன் எப்படிக் கிடைக்கும்? முறையான குடியேற்ற ஆவணம் இல்லாத பிள்ளைக்கும் பள்ளியில் இடம் உண்டு என்பது 1982-ன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அதனால் வருகிற எவரையும் மாவட்டம் திருப்பி அனுப்ப முடியாது, திருப்பி அனுப்பவும் கூடாது. அந்தப் பிள்ளைகளை நான்கே ஆண்டுகளில் கரைசேர்ப்பதுதான் இன்றைக்கு இருக்கும் கடினமான வேலை.

மஸ்டோ காலத்துக் கட்டடங்கள் இருந்த எமர்சன், யூனியன் ஹில் ஆகிய அந்த இரண்டு உயர்நிலைப் பள்ளிகளும் 2009-ல் ஒன்றாக இணைந்தன. பழைய ரூஸ்வெல்ட் ஸ்டேடியம் இருந்த மனையில் புதுப் பள்ளி எழுந்தது. நெரிசலான ஊரில் மைதானத்துக்குத் தனி இடம் ஏது? கட்டடத்தின் கூரைமேலேயே முழு அளவு விளையாட்டு மைதானம் போட்டார்கள்.

மூன்று வயதுக் குழந்தைக்கு வகுப்பறை திறக்க நியூஜெர்சி அரசை அன்றைக்கு நீதிமன்றம் தள்ளவேண்டியிருந்தது. அதே வகுப்புகளை அந்த வழக்கில் இல்லாத மற்ற மாவட்டங்களுக்கும் 2018 முதல் அரசே விரிவுபடுத்தி வருகிறது.