பெட்டிக்குள் ஒளிந்துகொண்ட நிகழ்ச்சி நிரல்

பிரித்தானியாவில் பலசரக்கோடு பத்திரிகையும் விற்கும் நமது அங்கத்தவர்களிற் பலர், கடந்த சில ஆண்டுகளில் ஒரு காரியத்தைச் சத்தமில்லாமல் செய்திருக்கிறார்கள். வாராவாரம் வரும் தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரல் சஞ்சிகைகளின் பிரதிகளைக் குறைத்திருக்கிறார்கள். சிலர் அடியோடு நிறுத்தியும் விட்டார்கள். காரணம் கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். விற்காத பிரதிகளை எண்ணிக் கட்டித் திருப்பி அனுப்பும் வேலை, கொண்டுவந்து போடுவதற்கு வாரந்தோறும் கட்டும் வண்டிக்கூலி, தட்டிலே அது பிடிக்கும் இடம் ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்த்தால் மிச்சம் சொற்பம். கேட்டு வரும் வாடிக்கையாளருக்கு ஒரு பதிலும் நம்மிடம் தயாராக இருக்கிறது: "அதெல்லாம் இப்ப ரீவியிலேயே வருகுதுதானே!"

வருகிறதா என்பதுதான் கேள்வி.

ஹரோவில் கடை வைத்திருக்கும் நமது அங்கத்தவர் ஒருவரும் இப்படித்தான் ஆறு பிரதிகளையும் நிறுத்தினார். வழமையாக வாங்கிய ஆறு பேருக்கும் அதே பதிலைச் சொன்னார். ஏழாவதாக ஒரு வாசகர் இருந்ததை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அது கடைக்கு மேல் மாடியில் வசிக்கும் அவருடைய தாயார். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கடைக்கு வரும் சஞ்சிகையைக் காசு கொடுக்காமல் மேலே எடுத்துப்போய், சனி முதல் வெள்ளி வரை பார்க்கவேண்டியவற்றுக்குச் சிவப்புப் பேனையால் கோடு போட்டு வைப்பார். ஸ்னூக்கர் ஆட்டமும் விலங்குகள் பற்றிய விவரணப் படங்களும் அவருக்கு உயிர். எண்பதாவது பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் சேர்ந்து பெரிய புதுத் தொலைக்காட்சி ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டாம் வாரம் மகனைக் கூப்பிட்டு அவர் சொன்னது இது: "தம்பி, இந்தப் புதுப் பெட்டியிலை இரவைக்கு என்ன போகுதெண்டு பார்க்கிற இடத்தைக் காணேல்லை. பழசு நல்லது."

அங்கத்தவர் நமக்குத் தொலைபேசி எடுத்தார். ஒரு ஞாயிறு பிற்பகல் நாம் போய்ப் பார்த்தோம். அங்கே கண்டதைச் சொல்வதற்கு முன், இந்த நிரல் எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று விளக்கிவிடுகிறோம். ஏனெனில் அதற்குள் வியாபாரக் கதை ஒன்று இருக்கிறது.

இந்நாட்டில் நிகழ்ச்சி நிரல் என்பது தொடக்கத்திலிருந்தே ஒரு சரக்குத்தான். 1923ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிபிசி வானொலி ஆரம்பித்துச் சில மாதங்களே ஆகியிருந்த வேளை, பத்திரிகை முதலாளிகளின் சங்கம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. விளம்பரத்துக்குக் கொடுப்பதுபோல் கட்டணம் கொடுத்தாலன்றி வானொலி நிரலை அச்சிடமாட்டோம் என்றார்கள். அந்தக் கட்டை உடைத்தவர் ஒரு கடைக்காரர். ஒக்ஸ்போர்ட் வீதியில் பெருங்கடை நடத்திய கோர்டன் செல்ஃபிரிட்ஜ், தமது கடைக்காக 'பால் மால் கசெற்' பத்திரிகையில் காசு கொடுத்து வாங்கிய விளம்பர இடத்திலேயே அன்றைய வானொலி நிரலையும் போட்டுவிட்டார். பத்திரிகையின் விற்பனை ஏறியது. மற்றவர்கள் இறங்கி வந்தார்கள். மக்கள் எதைத் தேடுகிறார்களோ அதை விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்த அந்த மனிதரின் கெட்டித்தனத்தை வர்த்தகர்களாகிய நாம் மெச்சாமல் இருக்க முடியாது. பிபிசியும் பாடம் படித்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டெம்பர் 28ஆம் திகதி 'ரேடியோ டைம்ஸ்' என்ற சொந்தச் சஞ்சிகையை வெளியிட்டது.

பின்பு காட்சி மாறியது. நிரலை வெளியிட ஆளில்லை என்று அலைந்தவர்களே, அதை மற்றவர் வெளியிடக்கூடாது என்று மறிக்கத் தொடங்கினார்கள். வாரம் முழுவதற்குமான பிபிசி நிரல் ரேடியோ டைம்ஸில் மட்டுமே வரும். ஐடிவி நிரல் 1955இல் தொடங்கிய 'டிவி டைம்ஸ்' சஞ்சிகையில் மட்டுமே வரும். நத்தார் வாரத்தில் ஒரு வீட்டுக்கு இரண்டும் தேவைப்பட்டது. 1988ஆம் ஆண்டு ரேடியோ டைம்ஸின் நத்தார் இரட்டை இதழ் ஒரு கோடியே 12 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அக்காலத்தில் பத்திரிகைக் கடை வைத்திருந்த நம்மவர்கள் அந்த இதழ்க் கட்டுகளைக் காலையில் உள்ளே இழுத்து வைத்ததை இன்றும் சொல்வார்கள். அயர்லாந்தில் 'மகில்' என்ற சிறு வெளியீட்டாளர் எல்லாச் சனல்களின் வார நிரலையும் ஒரே சஞ்சிகையில் போட முயன்றபோது, நீதிமன்றத் தடை வாங்கி நிறுத்தினார்கள். அந்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1995 ஏப்ரலில் ஒளிபரப்பாளர்களுக்கு எதிராக முடிந்தது. இங்கே அதற்கு முன்பே, 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், 1991 மார்ச் முதலாம் திகதி கதவு திறந்துவிடப்பட்டது. அன்றிலிருந்து எவரும் எல்லா நிரலையும் அச்சிடலாம். மலிவு விலைச் சஞ்சிகைகள் நமது தட்டுகளில் வந்து குவிந்தது அதன் பின்னர்தான்.

இனி, காற்றில் வரும் நிரலைப் பார்ப்போம். பழைய அலைவரிசை முறை லண்டனில் 2012 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. நாடு முழுவதும் அவ்வாண்டு ஒக்டோபரில் முடிந்தது. இப்போது கூரை அன்ரனாவுக்கு வருவது டிஜிட்டல் அலை. 'ஃபிரீவியூ' என்று நாம் சொல்வது இதைத்தான். மொத்த வியாபாரியின் லொறி சரக்கோடு சிட்டையையும் கொண்டுவருவதுபோல, இந்த அலை படத்தோடும் ஒலியோடும் நிகழ்ச்சி நிரலையும் சுமந்துவருகிறது. சரியான நேரமும் அதிலேயே வருகிறது. இப்போது என்ன, அடுத்தது என்ன என்ற விபரம் சில விநாடிகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அனுப்பப்படும். எட்டு நாள் வரையான மீதி நிரல் அதைவிட ஆறுதலாகச் சுற்றி வரும். தொலைக்காட்சி அதைப் பிடித்துத் தன் நினைவில் அடுக்கிக்கொள்கிறது. இதற்கு இணையம் வேண்டியதில்லை, மாதச் சந்தாவும் இல்லை. புதிதாகச் சனல் தேடி முடித்த உடனே நிரலைத் திறந்தால் அது வெறுமையாய்க் கிடப்பதும் இதனாற்றான். பெட்டி பழுதென்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகுமுன், ஏதாவது ஒரு சனலைப் போட்டுவிட்டு ஒரு தேநீர் குடித்து வரலாம்.

ஆனால் இன்றைய தொலைக்காட்சிக்கு இன்னொரு நிரலும் இருக்கிறது. அது இணையத்தால் வருவது. சாம்சங், எல்ஜி போன்ற தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்த இணையச் சனல்களை நூற்றுக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். அவற்றின் விளம்பரத்தில் அவர்களுக்கு வருமானம் உண்டு. பெட்டியைப் போட்டதும் முன்னே வந்து நிற்பது பெரும்பாலும் அந்தக் கடைதான். அன்ரனாவில் வருவது பின்தட்டுக்குப் போய்விடும். கண்மட்டத் தட்டில் எந்தச் சோப்பு இருக்கவேண்டும் என்று கம்பனிக்காரர் நம்மோடு பேரம் பேசுவது நமக்குப் புதிதல்லவே! இலக்க வரிசையில் பிபிசி 1, 2 என்றும், ஐடிவி 3 என்றும், அதற்கடுத்து சனல் 4, சனல் 5 என்றும் முன்னே நிற்பதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே காவல். இணையத் திரையிலும் பொதுச்சேவை ஒளிபரப்பாளர்களுக்கு முன்னிடம் வேண்டும் என்று 2024 மே மாதத்தில் நிறைவேறிய ஊடகச் சட்டம் சொல்கிறது.

இப்போது ஹரோ வீட்டு மாடிக்குத் திரும்புவோம். சுவரில் அன்ரனாத் துவாரம் இருந்தது. அதன் வயரோ பெட்டியின் பின்னால் எதிலும் சொருகப்படாமல் தொங்கியது. பெட்டியைப் பொருத்திய பேரப்பிள்ளை, ஆரம்பத்தில் கேட்கப்படும் கேள்விக்கு 'அன்ரனா இல்லை, இணையம் மட்டும்' என்று பதில் கொடுத்திருந்தான். அவன் வீட்டில் அப்படித்தான். அவன்மேல் குற்றமில்லை. வயரைச் சொருகி, அமைப்புப் பக்கத்தில் அன்ரனாவைத் தெரிவுசெய்து, மறுபடி சனல் தேடவிட்டோம். ஐந்து நிமிடத்துக்குள் தேடி முடிந்தது.

பிறகு ரிமோட். பழைய ரிமோட்டில் 'கைட்' என்று எழுதிய பொத்தான் ஒன்று இருந்தது. இதில் மொத்தமே பத்துப் பன்னிரண்டு பொத்தான்கள். அவற்றில் நாலு, படம் விற்கும் கம்பனிகளின் பெயரில். நிரலுக்கு ஒன்றுமில்லை. சில பெட்டிகளில் சனல் மாற்றும் பொத்தானை மேலும் கீழுமாகத் தள்ளாமல் நேரே உள்ளே அழுத்தினால் நிரல் திறக்கும். சாம்சங்கின் மெலிந்த ரிமோட்டில் இதுவே வழி. வேறு சிலவற்றில் முகப்புத் திரையில் 'லைவ் டிவி' என்ற சதுரத்துக்குள் போகவேண்டும். இன்னும் சிலவற்றில் இலக்கப் பொத்தானை அழுத்தினால் திரையிலேயே முழு ரிமோட்டின் படம் வரும். நாம் அன்று மூன்றையும் முயன்றுதான் கண்டுபிடித்தோம் என்பதை ஒளிக்கவில்லை. திறந்த நிரலும் முதலில் இணையச் சனல்களையே காட்டியது. பக்கவாட்டுப் பட்டியலில் அன்ரனாவைத் தெரிவுசெய்த பிறகே பிபிசி முதலாவதாக வந்தது. அதையும் ஒரு முறை மாற்றினால் போதாது. எண்பது வயதுக்காரர் தவறி ஒரு பொத்தானை அழுத்தினால் மீண்டும் பழைய கதைதான். ஆகவே படிகளைப் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி ரிமோட்டின் பக்கத்தில் வைத்தோம்.

அங்கே இல்லாத, ஆனால் பிற இடங்களில் நாம் கேள்விப்படும் குறைகளும் உண்டு. இரண்டு ஒலிபரப்புக் கோபுரங்களின் அலை சேர்ந்து வரும் இடங்களில் வேறு பிராந்தியத்துச் செய்தி முதலிடத்தில் வந்து நிற்கும். சரியானது 800க்கு மேற்பட்ட இலக்கத்தில் கிடக்கும். பிராந்தியம் கேட்கும்போது சரியாகத் தெரிவுசெய்து மறுபடி தேடவிட்டால் தீரும். அலை பலவீனமானால் படம் சதுரம் சதுரமாக உடைவதோடு நிரலிலும் ஓட்டைகள் விழும். அங்கே கோளாறு பெட்டியிலன்று, கூரையில்.

2024 ஏப்ரல் 30ஆம் திகதி 'ஃபிரீலி' என்ற புதிய ஏற்பாடும் தொடங்கியது. பிபிசி, ஐடிவி, சனல் 4, சனல் 5 ஆகிய நான்கும் சேர்ந்த கம்பனி இதை நடத்துகிறது. அன்ரனாவில் வருவதையும் இணையத்தில் வருவதையும் ஒரே நிரலில் கலந்து காட்டுவது இதன் சிறப்பு. நல்ல யோசனைதான். ஆனால் அன்ரனா இல்லாமல் இணையத்தை மட்டும் நம்பினால் சனல்கள் குறைவாகவே கிடைக்கும் என்பதை வாங்குபவருக்கு யாரும் முதலில் சொல்வதாகத் தெரியவில்லை. அன்ரனா ஒளிபரப்பு 2034 வரையேனும் நீடிக்கும் என்று அரசாங்கம் உறுதி கூறியிருக்கிறது. அதற்கப்பால் என்ன என்பது வயோதிப வாடிக்கையாளர் நிறைந்த கடைகளுக்கு அக்கறையுள்ள விடயம். இணைய இணைப்புக்கு மாதம் காசு கட்ட முடியாதவர்கள் நமது கல்லாவுக்கு முன்னால்தான் நிற்கிறார்கள்.

இடையில் ஒரு வார்த்தை. கடைக்குள் தொலைக்காட்சி வைத்திருப்பவர்கள், வீட்டு அனுமதிப்பத்திரம் கடைக்கும் செல்லும் என்று எண்ணவேண்டாம். மாடியில் வீடும் கீழே கடையும் ஆனாலும் கடைக்குத் தனியாக எடுக்கவேண்டும். ஆண்டுக் கட்டணம் 2025 ஏப்ரலில் 174.50 பவுணாக உயர்ந்தது. 75 வயதைத் தாண்டி, பென்ஷன் கிரெடிட் உதவி பெறுபவர்களுக்கு வீட்டு அனுமதி இலவசம். 2020 ஓகஸ்ட் முதல் இதுதான் விதி. கேட்கத் தெரியாமல் கட்டிக்கொண்டிருப்பவர்களும் இருக்கக்கூடும். தெரிந்த முதியவர்களிடம் சொல்லிவையுங்கள்.

அன்று மாலை நாம் புறப்படும்போது அங்கத்தவர் கடை வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தார். "என்ரை அம்மாவுக்குக் காட்டிவிட நீங்கள் வந்தீங்கள் அண்ணை. அந்த ஆறு பேருக்கும் ஆர் போய்க் காட்டினது?" என்றார். ஆறு பேரும் சஞ்சிகைக்காக மட்டும் வந்தவர்களல்லர். சஞ்சிகையோடு பாலும் பாணும் முட்டையும் போகும். சிலவேளை ஒரு லொத்தர் சீட்டும் போகும். சஞ்சிகையில் மிஞ்சும் சில்லறையை மட்டும் வைத்து இலாப நட்டம் பார்த்தது பிழையான கணக்கு என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு பேரில் இருவரை நெடுநாளாகக் கடைப் பக்கம் காணவில்லையாம். அது சஞ்சிகையாலோ வேறெதனாலோ, அவருக்குத் தெரியாது.

அடுத்த வாரம் நான்கு பிரதிகளுக்கு மீண்டும் கட்டளை கொடுத்தார். மூன்று விற்றன. நான்காவதை வழமைபோல் தாயார் மேலே எடுத்துப்போனார். இந்த முறை கல்லாவில் காசை வைத்துவிட்டுத்தான் போனாராம். இரவைக்கு என்ன என்று திரையில் பார்க்கிறார், ஒரு கிழமைக்குக் கோடு போடச் சஞ்சிகையை எடுக்கிறார். காசை வைக்கும்போது, "இனி நிப்பாட்ட மாட்டாய்தானே?" என்று மட்டும் கேட்டாராம்.