சிருங்காரத்துக்கு ஓர் அவை

1910-ஆம் வருஷம் சென்னையில் வாவிள்ள ராமஸ்வாமி சாஸ்திருலு புத்தகசாலையார் ‘ராதிகா ஸாந்த்வனம்’ என்னும் தெலுங்குக் காவியத்தை வெளியிட்டார்கள். அதை இயற்றியவர், பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் சபையில் விளங்கிய தேவதாசி முத்துப்பழனி. பதிப்பித்தவர், சங்கீத உலகில் பெரும் புகழோடு விளங்கிய பெங்களூர் நாகரத்தினம்மாள். மறு வருஷமே அந்த நூல் ஆபாசமானது என்று சர்க்கார் தீர்மானித்து, போலீஸாரைக் கொண்டு பிரதிகளைப் பறிமுதல் செய்தது. ஒரு பெண் எழுதி, இன்னொரு பெண் தேடியெடுத்துப் பதிப்பித்த அந்தச் சிருங்கார காவியத்தின்மேல் விழுந்த தடை, பிரகாசம் பந்துலு சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது, 1947-இல்தான் நீங்கியது.

இந்தச் சரித்திரத்தைத் தேன்கனிக்கோட்டையில் இருந்துகொண்டு நினைப்பதற்கு விசேஷக் காரணம் உண்டு. நாகரத்தினம்மாள் மைசூர் சீமையில் நஞ்சன்கூட்டில் 1878-இல் பிறந்தவர். கன்னட நாட்டில் வளர்ந்து, தமிழ் நாட்டில் வாழ்ந்து, தெலுங்கு நூலுக்காகப் போராடினார். முத்துப்பழனியோ தமிழ் மண்ணில் இருந்துகொண்டு தெலுங்கில் பாடியவர். வீட்டில் தெலுங்கும், சந்தையில் கன்னடமும், பள்ளிக்கூடத்தில் தமிழுமாக வளர்கின்ற நம் ஊர்ப் பெண்களுக்கு இவ்விருவரும் அந்நியர்கள் அல்லர். பெண்கள் தங்கள் காமத்தையும் காதலையும் தாங்களே கதையாக எழுதிப் பார்ப்பதற்கு ஓர் எழுத்துக் கூடுகையை இந்த ஊரில் நடத்த வேண்டும் என்பது இங்கே எழுத்திலும் வாசிப்பிலும் பற்றுள்ள சிலரின் விருப்பம். அது எப்படி நடத்தத்தக்கது என்று சொல்லுமுன், அந்தக் காவியத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான்கு பகுதிகளாக, ஐந்நூற்றெண்பத்து நான்கு பாடல்களில் அமைந்த அக்காவியத்தில், இளா என்பவளைக் கண்ணனுக்குத் தானே மணம் செய்து வைத்த ராதை, பிறகு பிரிவையும் பொறாமையையும் தாங்கமாட்டாமல் துடிக்கிறாள். கண்ணன் வந்து அவளைச் சமாதானப்படுத்துகிறான். நாயகியின் அங்கங்களை நாயகனின் கண்கொண்டு வருணிப்பதே வழக்கமாக இருந்த ஒரு மரபில், இங்கே விரும்புகிறவள், கோபிக்கிறவள், கேட்கிறவள், தனக்கு எது இன்பம் என்று அறிந்தவள் பெண்ணே. காலில் விழுந்து இரக்கிறவன்தான் ஆண். நூலின் முன்னுரைப் பகுதியில் முத்துப்பழனி தம் பாட்டி தஞ்சநாயகி முதலான தம் குலத்துப் பெண்களின் வழியைக் கூசாமல் எடுத்துரைத்து, தம் புலமையையும் பெருமையோடு குறிப்பிடுகிறார். ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் பெயர்த்தவரும் இவரே. பக்தியும் சிருங்காரமும் அவருக்கு இரு வேறு அறைகளாக இருக்கவில்லை.

இத்தகைய ஒரு நூலை எழுதும் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? மேதை ஒரு காரணம், அதில் ஐயமில்லை. ஆனால் மேதையுள்ள பெண்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். முத்துப்பழனிக்குக் கிடைத்து, மற்றும் பலருக்குக் கிடைக்காமற்போனது ஓர் அவை. பாட்டைக் கேட்டவுடன் பாடியவளின் நடத்தையைப் பற்றி விசாரிக்காமல், பாட்டின் சந்தத்தையும் ரசத்தையும் விசாரிக்கின்ற பயிற்சி பெற்ற செவிகள் அங்கே இருந்தன. அரசவையின் ஆதரவு அரசனுடைய பிரியத்தைச் சார்ந்தது என்பதும், தேவதாசியின் வாழ்வில் அடிமைத்தனத்தின் நிழல் இருந்தது என்பதும் மெய்யே. அவ்வவையை மீட்டெடுக்க வேண்டும் என்று எவரும் விரும்ப மாட்டார்கள். ஆயினும் கேட்கத் தெரிந்த ஒரு கூட்டம் இருந்தால் பெண்ணின் நா எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அக்காவியம் சாட்சியாக நிற்கிறது.

அந்த அவை கலைந்து போனபின் வந்த நூற்றாண்டில் அதே பாட்டுக்கள் வேறு செவிகளில் விழுந்தன. சமூக சீர்திருத்தத்தில் மகத்தான பணி செய்தவரான கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலுவே, தெலுங்குக் கவிகளின் சரித்திரத்தை எழுதுகையில் முத்துப்பழனியை ஒழுக்கமற்றவள் என்று தூற்றி, அந்நூலின் பல பகுதிகள் ஒரு பெண் வாயால் வரத்தக்கவையல்ல, பெண்கள் காதால் கேட்கவும் தகாதவை என்று எழுதிவிட்டார். விதவைகளின் மறுமணத்துக்காகப் பாடுபட்ட ஒருவருக்கு, பெண் விரும்புவதைப் பெண்ணே சொல்வது பொறுக்கவில்லை என்பதை நினைக்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

நாகரத்தினம்மாளின் கைக்கு முதலில் கிடைத்தது ஓர் அச்சுப் பிரதி. அதில் பாட்டுக்கள் விடுபட்டிருந்தன; ஆசிரியையின் குலத்தைச் சொல்லும் முன்னுரையும் இல்லை. பின்னர் கையெழுத்துப் பிரதியைத் தேடிப் பெற்று, அச்சையும் ஏட்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டு, விடுபட்டதைச் சேர்த்துத் தம் பதிப்பை உருவாக்கினார். கச்சேரிக்கும் பிரயாணத்துக்கும் இடையில் இந்த நுணுக்கமான வேலையைச் செய்த அப்பெண்மணி, தம் முன்னுரையில் வீரேசலிங்கத்துக்கு நேராகவே பதில் சொன்னார்: நாணம் என்பது பெண்களுக்கு மட்டும் உரிய குணமா, ஆண்களுக்கு அது வேண்டாமா, இதைவிடப் பச்சையான வருணனைகள் நிறைந்த நூல்களை ஆண்கள் எழுதியபோது அவற்றைப் பந்துலு அங்கீகரித்தது எப்படி என்பது அவர் வாதத்தின் சாரம். நூறு வருஷத்துக்கு மேலாகியும் இந்தக் கேள்விக்குத் தகுந்த விடை வந்தபாடில்லை.

அவரே பின்னாளில் திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதியைத் தம் செல்வத்தைச் செலவிட்டுக் கோயிலாக எழுப்பினார். அங்கே நடந்த ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றிருந்தபோது, 1920-களின் இறுதியில் பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்தினார். பெண்கள் கட்சி என்று அதற்குப் பெயர். பத்து வருஷங்களுக்கு மேலான பிறகுதான் ஆண்களின் கட்சிகளும் பெண்கள் கட்சியும் ஒன்றாயின. புத்தகத்துக்காகப் போராடியதும் மேடைக்காகப் போராடியதும் ஒரே போராட்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவையில் இடம் மறுக்கப்பட்டபோது அவர் மனுப்போட்டுக் காத்திராமல் தாமே ஓர் அவையைக் கூட்டினார்.

தமிழில் இதன் தொடர்ச்சி நம் காலத்திலேயே நடந்தது. துவரங்குறிச்சியில் வீட்டுக்குள் அடைபட்ட நிலையில், குளியலறையில் நின்றுகொண்டு கிடைத்த காகிதத்தில் ரகசியமாகக் கவிதை எழுதி, தாயாரின் உதவியால் வெளியே அனுப்பி, சல்மா என்ற புனைபெயரில் அச்சேற்றிய கவிஞரின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004-இல் வந்தது. பெண்கள் மட்டும் கூடியிருக்கும் வேளைகளில் படுக்கையறையைப் பற்றிப் பேசிக்கொள்ளும் பேச்சு எவ்வளவு சகஜமாகவும் எவ்வளவு துயரத்தோடும் இருக்கும் என்பதை அந்நாவல் தமிழுக்குக் கொண்டுவந்தது. 2002-இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ கவிதைத் தொகுதி வெளியானபோது தலைப்பே பலருக்குப் பொறுக்கவில்லை. அவரும், மாலதி மைத்ரியும், சுகிர்தராணியும், சல்மாவும் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் பட்ட வசவுகள் கொஞ்சமல்ல. அவர்கள் எழுத்து மடிந்துபோகாததற்கு அவர்களுடைய மனோதிடமும், ஒருவரை ஒருவர் படித்த வாசகிகளாக அவர்களே இருந்ததும் காரணங்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். ஓசூரில் 1980-களில் டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலை வந்த நாள் முதல் இந்த எல்லைப் பிரதேசத்தில் பெண்கள் தொழிற்சாலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறார்கள். இப்பொழுது கெலமங்கலம் பக்கத்தில் கைபேசிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களிலிருந்தும், ஜார்க்கண்ட் போன்ற தூர மாநிலங்களிலிருந்தும் வந்த இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்து, ஹாஸ்டல்களில் தங்கி, ஷிப்டுக்கு ஷிப்டு கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பசுமைக் குடில்களில் ரோஜா பறிக்கும் பெண்கள் உண்டு. அஞ்செட்டி மலையோரத்தில் ராகிக் கொல்லையில் பாடுபடும் பெண்கள் உண்டு. தாய் வீட்டின் கண்காணிப்பிலிருந்தும் கணவன் வீட்டின் கண்காணிப்பிலிருந்தும் சற்றே விலகி, தன் கைக்காசோடு, தன் கட்டிலில் தனியே படுத்துறங்கும் ஒரு தலைமுறைப் பெண்கள் இந்த வட்டாரத்தில் இன்று இருக்கிறார்கள். அவர்கள் விரும்புவது என்ன, அஞ்சுவது என்ன என்பதை அவர்கள் கையால் எழுதிப் படிக்கக் கிடைப்பது அரிது. அவர்களுடைய கைபேசியில் வந்து விழும் ‘காமக்கதை’களோ பெரும்பாலும் ஆணின் கற்பனையில் சமைக்கப்பட்டவை, அவற்றில் பெண் சம்மதிப்பதற்கு முன்பே சம்மதித்தவளாக இருப்பாள், களைப்பே அறியாதவளாக இருப்பாள்.

கூடுகை நடத்துவோர் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். பெண்ணை மையமாகக் கொண்ட சிருங்காரக் கதை என்றால் கதாநாயகி பெண்ணாக இருந்தால் போதாது. அவள் மனம் எந்த இடத்தில் நெகிழ்ந்தது, எந்த இடத்தில் வேண்டாம் என்றாள், அந்த வேண்டாம் மதிக்கப்பட்டதா, இரவு ஷிப்டு முடிந்து வந்த உடம்புக்கு ஆசை எப்படி வருகிறது அல்லது வராமற்போகிறது என்பவை கதையை நடத்த வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவளின் விருப்பமும், கைம்பெண்ணின் விருப்பமும், பெண் பெண்ணை விரும்புவதும் அங்கே தகுந்த பொருள்களே. உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாய் 1942-இல் ‘லிஹாஃப்’ கதையில் இவற்றுள் கடைசியானதைத் தொட்டதற்காக லாகூர் கோர்ட்டில் நின்று, விடுதலையும் பெற்றார்.

முதல் மணி நேரத்தைப் படிப்பதற்கே ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலிருந்து ஒரு பதிகத்தைத் தமிழிலும், அக்கமகாதேவியின் வசனங்கள் சிலவற்றைக் கன்னடத்திலும், முத்துப்பழனியின் பாடல்களைத் தெலுங்கிலும் உரக்கப் படித்து, அவரவர் தாய்மொழியில் கேட்டவர்கள் மற்றவர்களுக்குப் பொருள் சொல்லலாம். எழுத வந்தவளுக்குத் தன் முன்னோர் வரிசை கண்ணெதிரே தெரிந்தால் பாதிக் கூச்சம் தானாகவே அகன்றுவிடும். எழுதுவதும் எந்த மொழியிலேனும் இருக்கட்டும்; மூன்றையும் கலந்துதான் ஒருத்தி பேசுவாள் என்றால் கலந்தே எழுதட்டும்.

அதன்பின் எழுதுவதற்கு நிதானமாக இரண்டு மணி நேரம் வேண்டும். எழுதிய தாளில் பெயர் எழுதக் கூடாது. நடுவிலுள்ள பெட்டியில் மடித்துப் போட்டுவிட வேண்டும். நடத்துகிறவர் ஒவ்வொன்றாக எடுத்து, எழுத்தைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்க இடமின்றித் தாமே வாசிக்க வேண்டும். வாசிக்கப்பட வேண்டாம் என்று நினைப்பவள் தாளின் மூலையில் ஒரு கோடு போட்டால் போதும். அது வாசிக்கப்படாமலே மேஜைமேல் வைக்கப்படும், அவள் போகும்போது எடுத்துப் போகலாம். கேட்பவர்கள் ‘இது உனக்கு நடந்ததா?’ என்று கேட்கவே கூடாது. இந்த ஒரு விதி மீறப்பட்டால் கூடுகை அன்றோடு முடிந்தது என்றே கொள்ள வேண்டும். எந்த வாக்கியம் உயிரோடு இருக்கிறது, எந்த இடத்தில் கதாநாயகி காணாமற்போய்ச் சினிமாவில் பார்த்த பெண் வந்து நிற்கிறாள் என்று பேசலாம். அப்படிப் பேசுவதால்தான் எழுத்து வளரும். எழுதும்போது பழைய காயம் எதையேனும் தொட்டுவிட்டு அழுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களோடு வெளியே போய் உட்கார ஒருவர் ஆயத்தமாக இருப்பது அவசியம்.

கைபேசிகள் அறைக்கு வெளியே ஒரு பையில் இருக்க வேண்டும். புகைப்படமும் ஒலிப்பதிவும் கூடா. சிறிய ஊரில் ஒரு படம் போதும், ஒருத்தியின் வேலைக்கும் கலியாணத்துக்கும் தீங்கு வர. பதினெட்டு வயது நிறைந்தவர்கள் மட்டுமே வரலாம், கதையில் வரும் பாத்திரங்களும் அவ்வாறே பெரியவர்களாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே இல்லை.

சட்டத்தைப் பற்றி அச்சம் எழுவது இயல்பு. ஆபாச நூல்களைப் பற்றிய, பழைய தண்டனைச் சட்டத்தின் 292-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ஆம் பிரிவாக இருக்கிறது. இலக்கியம், கலை, கல்வி ஆகியவற்றின் பொருட்டுப் பொது நன்மைக்காக வெளியிடப்படுபவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. மனம் எளிதில் கெடக்கூடியவர்களை அளவுகோலாக வைத்த 1868-ஆம் வருஷத்து ஹிக்ளின் தீர்ப்பின் முறையை 2014-இல் நம் உச்ச நீதிமன்றம் கைவிட்டு, படைப்பை முழுமையாகவும் இக்காலச் சமூகத்தின் நோக்கிலும் பார்க்க வேண்டும் என்றது. 2016 ஜூலையில் எழுத்தாளர் பெருமாள்முருகன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், பிடிக்காத புத்தகத்தை மூடி வைத்துவிடும் உரிமை வாசகருக்கு உண்டு, எழுத்தாளரை ஒடுக்கும் உரிமை இல்லை என்ற கருத்துப்படத் தீர்ப்பளித்தது. கணினியிலும் கைபேசியிலும் அனுப்பப்படுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு தனியே பொருந்தும். ஆதலால் கூடுகையில் எழுதியதை வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடாமல், தேர்ந்த கதைகளைத் தாளில் அச்சிடுவதே உசிதம்.

அச்சிடுவது என்று வந்தால், எந்தக் கதை என்று தீர்மானிக்கும் உரிமை எழுதியவளுக்கே உண்டு. எந்தப் பெயரில் என்பதும் அப்படியே. அச்சகத்துக்குப் போகும் நாள் வரை திருப்பிக் கேட்டால், காரணம் கேளாமல் கொடுத்துவிட வேண்டும். கூடுகைக்கு நாள், வார விடுமுறையோடு பொருந்திய ஞாயிற்றுக்கிழமையாக இருந்து, ஓசூருக்கும் அஞ்செட்டிக்கும் கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் இருட்டுமுன் புறப்படும்படி மாலை ஐந்து மணிக்குள் முடிய வேண்டும். முதல் தடவை பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காமல் இருப்பது நல்லது. கேட்கத் தெரிந்த பன்னிரண்டு பேர் உண்டானபின் அவர்களே அடுத்த கூடுகையை நடத்தட்டும்.