ஒரு நிமிஷப் பரீட்சை

ஊறுகாய்க்குச் சேர்க்கும் காடியின் புளிப்புச் சத்தைக் கொண்டு ஒரு ஸ்திரீயின் உயிரைக் காக்கலாம் என்றால் யாரும் நகைப்பார்கள். ஆயினும் நம் திண்டுக்கல் ஜில்லாவிலே அது நிரூபிக்கப்பட்டிருக்கிறது.

கர்ப்பப்பையின் வாயில் உண்டாகும் புற்றுநோய் ஒரே நாளில் தோன்றுவதன்று. பாப்பிலோமா என்னும் வைரஸ் அவ்விடத்தில் நெடுநாள் தங்கிவிட்டால், சதை மெல்ல மெல்ல விகாரமடைந்து, பல வருஷங்களுக்குப் பின்னரே புற்றாக முற்றுகிறது. அதுவரை வலி இல்லை, அடையாளமும் இல்லை. இந்த நீண்ட அவகாசமே நமக்கு வாய்த்த பாக்கியம். அதற்குள் கண்டுகொண்டால் நோயை முளையிலேயே கிள்ளிவிடலாம்.

செல்வ நாடுகளில் அவ்விடத்து அணுக்களைத் துடைத்தெடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். அதற்குச் சோதனைச் சாலையும் தேர்ந்த நிபுணர்களும் வேண்டும். ஏழை நாட்டுக் கிராமத்துக்கு அவை எங்கே கிடைக்கும்?

ஆகவே 2000-ஆம் வருஷத்தில் அம்பிளிக்கை வைத்திய நிலையத்தாரும், அடையாறு புற்றுநோய் நிலையத்தாரும், பிரான்ஸ் தேசத்து லியோன் நகரிலுள்ள சர்வதேச ஆராய்ச்சி நிலையத்தாரும் கூடி எளிய வழியொன்றைச் சோதிக்க முற்பட்டனர். பயிற்சி பெற்ற நர்ஸ், அஸெடிக் அமிலம் சிறிதளவு கலந்த நீரைத் தடவி ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்ப்பார். விகாரமடைந்த இடம் வெண்மையாகத் தெரியும். தகுந்தவர்களுக்கு அவ்விடத்தைக் குளிரால் உறையவைத்து அழித்துவிடுவார்கள். முடிவு 2007-இல் வெளியாயிற்று. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் நேர்ந்த மரணம், மற்ற ஊர்களைவிட நூற்றுக்கு 35 வீதம் குறைந்திருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அழைக்கப்பட்டவர்கள் 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 ஸ்திரீகள். வந்தவர்கள் 31,343 பேர். பரீட்சைக்கு வராத பிள்ளையைத் தேற்றுவிக்க எந்த உபாத்தியாயராலும் இயலாது. ஏன் வரவில்லை என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்: அடுப்படி வேலை, பயம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கூச்சம்.

இன்று வைரஸையே கண்டுபிடிக்கும் சோதனை வந்துவிட்டது. அதற்கு வேண்டிய மாதிரியைப் பெண் தனிமையில் தானே எடுத்துக் கொடுக்கலாம். ஒன்பது முதல் பதினான்கு வயதுச் சிறுமிகளுக்குத் தடுப்பூசியும் உண்டு. 2030-க்குள் நூற்றுக்கு 90 சிறுமிகளுக்கு ஊசி, 70 ஸ்திரீகளுக்குப் பரிசோதனை, நோய் கண்டவரில் 90 பேருக்குச் சிகிச்சை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் இலக்கு வகுத்தது.

ஆனால் எந்த ஸ்தாபனமும் நம் வீட்டு அடுப்படிக்குள் வந்து கூப்பிட முடியாது. "அம்மா, அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் வா" என்று சொல்ல வேண்டியவர்கள் நாம்தாம்.