நண்டு வருமுன் எடுத்த கணக்கு

மீனைப் பற்றி எம்மவர்களுக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. கண்ணைப் பார்த்தும் செவுளைத் தூக்கிப் பார்த்தும் மீன் எத்தனை நாட்பட்டது என்று சொல்லிவிடக் கூடியவர்கள் நாம். சனிக்கிழமைகளில் ரெய்னர்ஸ் லேனிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பனிக்கட்டிப் பெட்டிகளின் முன் நின்று, விளைமீனுக்கும் பாரைக்கும் பேரம் பேசுகின்ற எமது அம்மாமாரைப் பார்த்தால் இது விளங்கும். ஆனால் அந்த மீன் எதை உண்டு வளர்ந்தது, அந்த உணவு எங்கே விளைந்தது என்று கேட்டால், எம்மில் பலர் சற்று யோசிக்கவே செய்வோம்.

அந்த உணவில் பெரும்பங்கு கடலின் அடித்தரையில் விளைகிறது. சேற்றுக்குள் குழாய் கட்டி வாழும் புழுக்கள், மட்டிகள், சிப்பிகள், நண்டுகள், நட்சத்திர மீன்கள், கடல் முள்ளிகள், கடலட்டைகள் எனப் பல்வேறு உயிர்கள் அங்கே ஒரு ஊரைப் போலக் கூடி வாழ்கின்றன. இந்த ஊரைக் கணக்கெடுப்பதையே தமது வாழ்நாள் தொழிலாகக் கொண்ட விஞ்ஞானிகள் உள்ளனர். அவர்களது வேலையைப் புரிந்துகொள்ள உதவும் நல்ல உதாரணம் ஒன்று பூமியின் வட கோடியில் இருக்கிறது. எமது மக்களுக்கும் ஓரளவு தொடர்புள்ள இடம் அது.

வடதுருவக் கரையில் எம்மவர்

நோர்வேயின் வட முனையில் பின்மார்க் என்றொரு மாகாணம் உண்டு. குளிர்காலத்தில் இரண்டு மாதங்கள் வரை அங்கே சூரியன் தலைகாட்டுவதில்லை. 1980களில் நாட்டை விட்டு வெளியேறிய எமது இளைஞர்களில் ஒரு பகுதியினர் சென்று சேர்ந்தது இந்தக் கரையோரக் கிராமங்களுக்கே. அங்குள்ள மீன் பதனிடும் தொழிற்சாலைகளில், நோர்வேக்காரரே செய்யத் தயங்கிய வேலைகளை அவர்கள் செய்தார்கள். கை விறைக்க விறைக்க கொட் மீனை வெட்டிச் சதையைப் பிரித்தெடுத்து, சீட்டுக் கட்டினார்கள், தங்கைமாருக்குச் சீதனம் அனுப்பினார்கள், தம்பிமாரை வெளியே எடுத்தார்கள்.

அந்தக் கொட் மீனுக்கும் அதைப் பிடித்து வாழ்ந்த கிராமங்களுக்கும் அடியில் இருந்த உயிர் உலகத்தைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

குளிர்ந்த சேற்றுக்குள் என்ன இருக்கிறது?

பனி படர்ந்த கடலின் அடியில் உயிர்கள் இருக்க முடியுமா என்று கேட்கத் தோன்றும். உண்மையில் அங்கே உயிர்கள் செழித்தே வாழ்கின்றன. வசந்த காலத்தில் வெளிச்சம் திரும்பிப் பனி உருகத் தொடங்கியதும், கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கடல் நீரில் பெருவாரியாகப் பெருகுகின்றன. மேலே உள்ள உயிர்களால் அவை அனைத்தையும் உண்டு தீர்க்க முடிவதில்லை. மிஞ்சியவை அடித்தரையில் விழுகின்றன. ஆண்டில் சில கிழமைகள் மட்டுமே கிடைக்கும் இந்த மழையை நம்பியே அங்குள்ள புழுவும் மட்டியும் வாழ்கின்றன.

குளிரில் அவை மெதுவாக வளர்கின்றன, நீண்ட காலம் வாழ்கின்றன. 2006இல் ஐஸ்லாந்துக்கு அருகே எடுக்கப்பட்ட சிப்பி ஒன்றின் ஓட்டிலுள்ள வளையங்களை வேல்ஸிலுள்ள பாங்கோர் பல்கலைக்கழகத்தினர் எண்ணிப் பார்த்தார்கள். மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்றவை இவை. அதன் வயது 507 எனக் கணிக்கப்பட்டது. 1505இல் போர்த்துக்கேயர் இலங்கையில் கால் வைத்தபோது அந்தச் சிப்பி ஏற்கெனவே பிறந்திருந்தது! இவ்வளவு மெதுவாக வளர்ந்த சமூகம் ஒன்று சிதைந்தால், அது மீண்டும் உருவாக எவ்வளவு காலம் எடுக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த உயிர்களை எண்ணும் முறை எளிமையானது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது. இரண்டு தாடைகள் கொண்ட இரும்புக் கவ்வி ஒன்றைக் கப்பலிலிருந்து இறக்குவார்கள். தரையைத் தொட்டதும் தாடைகள் மூடிக்கொள்ள, பொதுவாகப் பத்தில் ஒரு சதுர மீற்றர் பரப்பிலுள்ள சேறு மேலே வரும். அதை ஒரு மில்லிமீற்றர் கண்ணுள்ள அரிதட்டில் கழுவி, எஞ்சும் உயிர்களைப் போத்தலில் மருந்திட்டு வைப்பார்கள். பின்னர் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் கீழ் ஒவ்வொன்றாக இனம் பிரித்து எண்ண வேண்டும். கடலில் ஒரு நாளில் எடுத்ததை எண்ணி முடிக்க மாதக்கணக்காகலாம்.

இவ்வாறு அளவு முறையில் எண்ணும் வழக்கத்துக்கு அடித்தளமிட்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த சி. ஜி. யோகான்னஸ் பீட்டர்சன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மீன்களுக்கு எவ்வளவு உணவு கடலடியில் இருக்கிறது என்று அறியவே அவர் இந்த வேலையில் இறங்கினார். குறிப்பிட்ட சில உயிர்கள் குறிப்பிட்ட வகைத் தரையில் எப்போதும் சேர்ந்தே வாழ்வதைக் கண்டு, அவற்றைச் சமூகங்களாக வகுத்தவரும் அவரே.

நண்டு வந்த கதை

1960களில் சோவியத் விஞ்ஞானிகள் பசிபிக் கடலிலிருந்து பெரிய செந்நண்டு இனம் ஒன்றைக் கொண்டுவந்து, மேர்மான்ஸ்க் நகரை அண்டிய கடலில் விட்டார்கள். அப்பகுதி மக்களுக்குப் புதியதொரு தொழில் கிடைக்கும் என்பதே நோக்கம். கால்களை விரித்தால் ஒன்றரை மீற்றருக்கும் மேல் நீளும் இந்த நண்டுக்கு எல்லைக் கோடு தெரியாது. 1970களின் பிற்பகுதியில் அது நோர்வேயின் வராங்கர் நுழைகடலில் தென்பட்டது. 1990களில் பெருகி, மீனவர்களின் வலைகளைக் கிழித்துத் தூண்டிலின் இரைகளைத் தின்று தீர்த்தது.

இந்த நுழைகடலின் கரையில் பூகொய்னஸ் என்ற சிறு கிராமம் உள்ளது. மீன் தொழில் நலிந்து வேலையில்லாது போகவே, 1989இல் கிராமத்தவர்கள் நாடளாவிய பத்திரிகை ஒன்றில் விளம்பரம் கொடுத்தார்கள். கிராமம் முழுவதும் ஒன்றாக வேறிடத்துக்குக் குடிபெயரத் தயார், எம்மை ஏற்பவர் உண்டா என்பதே அதன் சாரம். குடிபெயர்வின் வலியை அறிந்த எமக்கு இது வெறும் செய்தி அல்ல. ஆனால் அக்கிராமம் அழியவில்லை. வலையைக் கிழித்த அதே நண்டு நல்ல விலைக்குப் போகத் தொடங்கியது. 2002இல் நோர்வே அரசு வர்த்தக ரீதியில் நண்டு பிடிக்க அனுமதித்தது. இன்று பூகொய்னஸ் நண்டுக்குப் பெயர்போன ஊர்.

அப்படியானால் நண்டு வரமா, சாபமா? இங்கேதான் கணக்கெடுப்பவர்களின் பணி முக்கியம் பெறுகிறது. நண்டு பெருகுவதற்கு முன், 1994இல், வராங்கர் பகுதியின் அடித்தரையில் எடுக்கப்பட்ட மாதிரிகளின் கணக்கு கைவசம் இருந்தது. நோர்வே நீர் ஆய்வு நிறுவனத்தினர் 2007 முதல் 2009 வரை மீண்டும் மாதிரிகளை எடுத்து அதனுடன் ஒப்பிட்டார்கள். சேற்றில் வாழ்ந்த பல இனங்கள் குறைந்திருந்தன. பெரிய புழுக்களும் மட்டிகளும் முட்தோலிகளும் நண்டின் வாய்க்குள் போயிருந்தன.

பாதிப்பு அத்துடன் நிற்கவில்லை. வளை தோண்டும் புழுக்கள் எமது தோட்டத்து மண்புழுவைப் போன்றவை. சேற்றைக் கிளறி, ஒட்சிசன் கீழே செல்ல வழி செய்பவை. அவை குறைந்ததும் சேற்றில் காற்றோட்டமுள்ள மேற்படை மெலிந்துபோனது. மண்புழுவைத் தின்று தீர்த்தால் தோட்டத்துக்கு என்ன ஆகுமோ அதுவே அங்கும் நடந்தது.

நோர்வே இதற்கு ஒரு நடுவழி கண்டது. கிழக்கு 26 பாகைக் கோட்டுக்குக் கிழக்கே அளவு நிர்ணயித்து நண்டு பிடிக்கலாம். அதற்கு மேற்கே பரவாமல் தடுப்பதற்காக, எவரும் எவ்வளவும் பிடிக்கலாம். இந்த ஏற்பாடு சரியா பிழையா என்ற வாதம் ஓயவில்லை. ஆனால் வாதிடுவதற்கு இரு தரப்பினருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1994இல் யாரோ சிலர் சேற்றை அரித்து எண்ணி வைத்திராவிட்டால், எதை இழந்தோம் என்று சொல்ல எவராலும் முடிந்திராது.

இன்னும் வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளில், 1980 முதல் ஆண்டுதோறும் ஒரே பாறைகளைப் படம் எடுத்து வந்தார்கள். காங்ஸ் நுழைகடலில் 1995இல் பாசிகள் திடீரென ஐந்து மடங்காகப் பரவியதை அந்தப் படங்களே காட்டிக் கொடுத்தன. கடல் வெப்பமடைவதன் அடையாளமாக அது கொள்ளப்படுகிறது. அதே நுழைகடலின் கரையில்தான் இந்தியா 2008இல் ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையத்தைத் திறந்தது.

எமது கடலின் கணக்கு எங்கே?

எமது கடலடியையும் ஒருகாலத்தில் கணக்கெடுத்தார்கள். 1902இல் லிவர்பூலைச் சேர்ந்த பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன், ஜேம்ஸ் ஹோர்னெல் என்பவருடன் மன்னார்க் கடலுக்கு வந்தார். முத்துச்சிப்பிகள் அடிக்கடி காணாமற் போவதன் காரணத்தை அறிய ஆங்கில அரசு அவரை அழைத்திருந்தது. சிப்பிகளுடன் அங்கே வாழ்ந்த கடற்பஞ்சு, பவளம், புழு, நண்டு எனப் பலவற்றையும் அவர்கள் சேகரித்தார்கள். 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக இலண்டனில் ரோயல் சொசைற்றி அந்த அறிக்கையை வெளியிட்டது. அறிக்கை முடிந்த அதே 1906இல் முத்துக் குளிக்கும் உரிமை இலண்டன் கம்பனி ஒன்றுக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. 1907க்குப் பின் பல ஆண்டுகள் குளிப்பே நடக்கவில்லை. அந்தக் கணக்கு முத்தின் வருமானத்துக்காக எடுக்கப்பட்டது, கரையில் வாழ்ந்த மக்களுக்காக அல்ல. ஆயினும் எமது கடலடியின் பழைய பதிவாக அது இன்றும் பயன்படக் கூடியது.

அதற்கு வடக்கே, பாக்கு விரிகுடாவில், இன்று நடப்பதை எல்லோரும் அறிவோம். போர்க் காலத்தில் எமது கடற்றொழிலாளருக்குக் கடல் பூட்டப்பட்டிருந்தது. மறுகரையிலிருந்து வந்த றோலர் படகுகள் அடித்தரையை வாரிச் சென்றன. பெரும்பாலும் 15 மீற்றருக்கு உட்பட்ட ஆழமுள்ள அந்தக் கடலில் இழுவை வலைக்குத் தப்பும் இடம் குறைவு. சங்கும் கடலட்டையும் நண்டும் இறாலும் வாழும் தரை அது. 2017இல் இலங்கை இழுவை மடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. ஆயினும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. அந்தப் படகுகளில் கூலிக்கு வருபவர்களும் தமிழர்களே என்பது இதன் வேதனையான பக்கம்.

றோலர் தென்னிந்தியாவுக்கு வந்த வழிகளில் ஒன்று, 1952இல் தொடங்கிய இந்திய நோர்வேத் திட்டம். கேரளத்து மீனவர்களின் வறுமையைப் போக்கவென்றே அது கொண்டுவரப்பட்டது. மேர்மான்ஸ்க்கில் நண்டை விட்டவர்களும் நல்லெண்ணத்துடனேயே விட்டார்கள். நல்லெண்ணம் மட்டும் கடலடியைக் காக்காது. முன்பு அங்கே என்ன இருந்தது, இன்று என்ன இருக்கிறது என்ற கணக்கு வேண்டும். பேச்சுவார்த்தை மேசையில் எமது மீனவர்கள் தமது இழப்பைச் சொல்லும்போது, கண்ணீரோடு அந்தக் கணக்கும் இருந்தால் அவர்களின் குரலுக்கு வலு கூடும்.

பிள்ளைகளுக்கு ஒரு வழி

இந்தக் கணக்கை எடுக்கப் போவது யார்? எமது பிள்ளைகளாகவும் இருக்கலாம். இந்த நாட்டுக்குப் புதிதாக வந்த பெற்றோர் பலருக்கு வைத்தியம், பொறியியல், கணக்கியல் என்ற மூன்று கதவுகள் மட்டுமே தெரிகின்றன. கடலுயிரியல் என்ற நான்காவது கதவும் இங்கே திறந்தே உள்ளது. பிளிமத், சவுத்ஹாம்ப்ரன், பாங்கோர் பல்கலைக்கழகங்களில் இதைப் பட்டப்படிப்பாகக் கற்கலாம். ஏ லெவலில் உயிரியல் எடுத்து, அதனுடன் இரசாயனமோ கணிதமோ சேர்ப்பது நன்று. ஸ்வால்பார்ட்டில் 1993இல் தொடங்கிய பல்கலைக்கழக மையம் வெளிநாட்டு மாணவர்களையும் வடதுருவக் கடலுயிர்கள் பற்றிப் படிக்கச் சேர்க்கிறது.

ஆர்வம் உண்டா என்று அறியப் பெரிய செலவு தேவையில்லை. ரெய்னர்ஸ் லேனிலிருந்து பிக்கடில்லி லைனில் ஏறினால், வண்டி மாறாமலே சவுத் கென்சிங்ரனில் இறங்கலாம். அங்குள்ள இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தின் காட்சிக் கூடங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய ‘சலஞ்சர்’ கப்பல் கடலடியிலிருந்து எடுத்த உயிர்கள் அதன் சேகரிப்பில் உள்ளன.

கோடையில் சவுத்எண்ட் கடற்கரைக்குப் போகும் குடும்பங்களுக்கு இன்னொரு யோசனை. வற்று நேரத்தில் கடல் வெகுதூரம் பின்வாங்கிச் சேற்றுத்தரை வெளிப்படும். பெருக்கு விரைவாகத் திரும்பும் என்பதால், நேரத்தைக் கேட்டறிந்து கரையோரமாகவே நில்லுங்கள். கயிற்றினால் அரை மீற்றர் சதுரம் ஒன்றை வகுத்து, அதனுள் புழுக்கள் வெளித்தள்ளிய மண் சுருள்களைப் பிள்ளைகள் எண்ணட்டும். திகதி, இடம், எண்ணிக்கை மூன்றையும் கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்தில், அதே மாதத்தில் எண்ணிப் பாருங்கள். வராங்கரில் செய்ததும் இதே வேலைதான்.