மரக்காணம் அளங்களில் சுயதொழில் செய்யும் ஸ்திரீகள்

முன்பு தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்ததும், 1993-ம் வருஷம் முதல் விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்ததுமான மரக்காணம், உப்பு விளைவிற் பெயர் பெற்ற ஊராகும். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கும் வேதாரணியத்திற்கும் அடுத்தபடியாக இவ்வூரையே சொல்வது வழக்கம். கழுவேலியின் உவர்நீர் கடலோடு கலக்கும் இந்தத் தாழ்ந்த பூமியில் மூவாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அளங்களாக இருந்து வருகிறது. சுற்றுப்பக்கத்துக் குடியானவர்கள் இவ்வூர் உப்பை நன்கு அறிவார்கள். மாட்டுத்தொட்டிக்கும், தென்னங்குழிக்கும், கருவாட்டுப் பானைக்கும் கல்லுப்பு வேண்டியிருக்கிறது. அதை வாசலிற் கொண்டுவந்து இறக்கி அளந்து போடுகிறவள் பெரும்பாலும் ஒரு ஸ்திரீயாகவே இருந்து வந்திருக்கிறாள். அகநானூற்றிலேயே நெல்லுக்கு உப்பை மாற்றித் தெருவில் விற்கும் உமணப் பெண் வருகிறாளாகையால், இது நேற்று ஏற்பட்ட தொழிலன்று.

அளத்தில் கூலிக்கு உப்புச் சுமக்கும் பெண்களைப் பற்றி அவ்வப்போது பத்திரிகைகள் எழுதுகின்றன. இங்கே கவனிக்கப் புகுந்தது வேறொரு கூட்டத்தாரை. சிறு அளத்தைக் குடும்பத்தோடு குத்தகைக்கு எடுத்துத் தானே நின்று விளைவிப்பவள், நாலு மூட்டை உப்பை வாங்கி ஊர் ஊராக விற்பவள், கருவாடு போடுபவள், அளத்து வேலையாட்களுக்கு விடியலில் இட்டலி அவித்துக் கொடுப்பவள் ஆகிய இவர்கள் யாவருக்கும் எஜமானன் கிடையாது. லாபமும் நஷ்டமும் அவர்களுடையவையே. எஜமானன் இல்லாதபடியால், வேண்டியபோது வேலை செய்து வேண்டியபோது ஓய்ந்திருக்கலாம் என்று வெளியே நின்று பார்க்கிறவர்கள் எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. இவர்களுக்கு முதலிலும் பெரிய குறை பொழுதில்தான் இருக்கிறது.

உப்பின் இயல்பைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். கடல்நீர் சுமார் மூன்று அல்லது மூன்றரை டிகிரி போமே காரமுடையது. அதைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலிற் காய்ச்சி வருகையில் முதலிற் சுண்ணாம்பும், பிறகு ஜிப்சமும் அடியிற் படியும். 25 டிகிரியை எட்டியதும் உப்புப் பூக்கத் தொடங்கும். 29, 30 டிகிரிக்கு மேல் விட்டு வைத்தால் மெக்னீஷியம் முதலிய கசப்பு உப்புக்களும் சேர்ந்து சரக்கின் தரம் கெட்டுவிடும். அந்தக் கசப்பு நீரை அதற்கு முன் வடித்தாக வேண்டும். ஆகவே வாரவேண்டிய நாள் வந்தால் வாரியே தீரவேண்டும். வீட்டிற் குழந்தைக்குக் காய்ச்சல் என்பதற்காகப் பாத்தி ஒருநாள் காத்திருக்காது. வாரிய உப்பை வரப்பிலேயே விட்டிருக்கும்போது ஆடி மாதத்து மாலை மழை ஒன்று பெய்தால் ஒரு வாரத்து உழைப்பு கரைந்து போகும். நெல் விளைவிக்கிறவன் அறுப்பை இரண்டு நாள் தள்ளிப் போட முடியும். அளக்காரிக்கு அந்தச் சலுகை இல்லை.

அடுப்பும் இவ்வாறே காத்திராதது. வெயிலைக் கணக்காக வைத்து நடக்கும் அளமும், பசியைக் கணக்காக வைத்து நடக்கும் வீடும் ஒரே ஸ்திரீயின் கைகளை ஒரே வேளையில் கேட்கின்றன.

பங்குனி முதல் ஆனி வரை உப்பு விளைவு உச்சத்திலிருக்கும். அப்போது பொழுது விடிவதற்கு வெகு நேரம் முன்பாகவே அளத்திற்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் வெண்மையான உப்பின்மேற் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கெடுக்கும். காலில் உள்ள சிறு கீறலும் உவரிற் பட்டுப் புண்ணாகும். புருஷர்கள் நீண்ட காம்புள்ள பலகையால் உப்பை இழுத்து ஒதுக்குவதும், பெண்கள் அதைக் கூடையில் வாரித் தலைச்சுமையாக மேட்டுக்குக் கொண்டுபோய் அம்பாரமாகக் குவிப்பதும் வழக்கம். பத்து மணி சுமாருக்கு வீடு திரும்பியவுடன் புருஷர்கள் திண்ணையிற் சாய்வார்கள். பெண்களுக்கு இரண்டாவது வேலை அப்போது ஆரம்பமாகிறது. கோடையில் நல்ல நீர் அருகிப் போகிறது; பள்ளிக்கூடம் மூடியிருப்பதால் குழந்தைகள் நாள் முழுதும் வீட்டிலிருக்கிறார்கள்; விருந்தினர் வருவதும், கலியாணங்கள் நடப்பதும் இதே மாதங்களில்தான். வருஷத்தில் அதிகமாகச் சம்பாதிக்க வேண்டிய காலமும், வீட்டு வேலை அதிகமாகும் காலமும் ஒன்றாக வந்து வாய்க்கின்றன.

இது மரக்காணத்திற்கு மட்டும் உரிய கஷ்டமன்று. இந்திய சர்க்காரின் புள்ளிவிவர இலாகா 2019-ம் வருஷத்தில் தேசம் முழுவதும் ஜனங்கள் பொழுதை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்று விசாரித்தது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற ஒரு பெண் அதில் நாளொன்றுக்கு 299 நிமிஷமும், ஓர் ஆண் 97 நிமிஷமும் செலவிடுவதாகத் தெரிய வந்தது. 2024-ல் மறுபடியும் விசாரித்தபோது இவை முறையே 289, 88 என்று இருந்தன. ஐந்து வருஷத்தில் பெண்களுக்குப் பத்து நிமிஷம் குறைந்தது, நல்லதே. ஆனால் ஆண்களுக்கும் ஒன்பது நிமிஷம் குறைந்திருக்கிறது! பெண்கள் விட்ட பத்து நிமிஷத்தை ஆண்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்பது இதிலிருந்து தெளிவு. வீட்டில் ஒருவர்கூடத் தண்ணீர்க் குடத்தைத் தொடாத குடும்பஸ்தர்கள் இக்கணக்கைச் சற்று நின்று பார்ப்பது நலம்.

அப்படியானால் பொழுது எங்கிருந்து கிடைக்கும்? சில வருஷங்களாக நடந்து வரும் சில ஏற்பாடுகளிலிருந்து இதற்கு விடை ஒருவாறு கிடைக்கிறது. 2022-ம் வருஷம் செப்டம்பர் மாதம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசாங்க ஆரம்பப் பாடசாலைகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம், குழந்தைகளின் பசிக்காக ஏற்பட்டது. அளத்துக்குப் போகும் தாய்க்கோ அது விடியற்கால அடுப்பு ஒன்றைக் குறைத்துக் கொடுத்தது. முன்பெல்லாம் இரண்டு மணிக்கு எழுந்து பொங்கி வைத்துவிட்டுப் போனவள் இன்னும் சற்று நேரம் தூங்க முடிகிறது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021 மே மாதத்தில் ஏற்பட்ட உத்தரவும் இத்தகையதே. நடந்தே விற்றவள் வண்டியில் ஏறித் தூரத்துச் சந்தைக்குப் போய் உச்சிக்குள் திரும்புகிறாள். தலையில் உப்பு மூட்டையோ கருவாட்டுக் கூடையோ இருந்தால் பிரயாணம் அவ்வளவு சுலபமாயிருப்பதில்லை என்பது வேறு விஷயம். வீட்டுக்கு வீடு குழாய் என்பதும் 2019 முதல் நடந்து வருகிறது. குழாய் இருந்தும், நீர் விடுகிற வேளை காலை ஆறு, ஏழு மணியாக இருந்தால் அளத்திலிருப்பவள் குடத்தை யாரிடம் கொடுப்பாள்? நீரை நண்பகலுக்குமேல் ஒருமுறை திறந்துவிடப் பணம் ஒன்றும் அதிகமாகச் செலவாவதில்லை. இது மேலதிகாரிகளுக்கு எழுத வேண்டிய காரியமும் அன்று, ஊரிலேயே தீர்மானிக்கக்கூடியது.

குஜராத்தில் நடந்த ஒரு காரியத்தை இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது. 1972-ல் ஆமதாபாத்தில் இளா பட் அம்மையார் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமாகிய சேவாவை ஏற்படுத்தினார். எஜமானனே இல்லாதவர்கள் யாரை எதிர்த்துச் சங்கம் வைப்பது என்று அதைப் பதிவு செய்யத் தடை சொல்லப்பட்டது. சங்கம் என்பது தொழிலாளர் ஒன்றுபடுவதற்கே என்று வாதித்து அவர்கள் பதிவு பெற்றார்கள். 1974-ல், நாலாயிரம் பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் போட்டு ஒரு கூட்டுறவு பாங்கி தொடங்கினார்கள். அந்தப் பாங்கியின் நூதனம் வட்டி விகிதத்தில் இல்லை. காய்கறிக்காரி கடையை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாது என்பதை உணர்ந்து, பாங்கியின் ஆட்கள் அவளிருக்கும் இடத்திற்கே போய்ப் பணம் வாங்கினார்கள். கையெழுத்துத் தெரியாதவளுக்கு அவளுடைய போட்டோவையே அடையாளமாகக் கொண்டார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் விடுதிகளும் பின்னர் ஏற்பட்டன. கட்ச் சிறு பாலையில் உப்பு விளைவிக்கும் அகரியாக்களிடையிலும் இச்சங்கம் வேலை செய்கிறது. அங்கே உவர்நீர் இறைக்க டீசல் எஞ்சினுக்கே வருமானத்தின் பெரும்பகுதி போய்க்கொண்டிருந்தது. சூரிய சக்தியால் ஓடும் பம்புகள் வந்தபின் அந்தச் செலவு வெகுவாகக் குறைந்தது. நமது பக்கத்திலும் 1978-ல் ஜெயா அருணாசலம் அம்மையார் சென்னையில் ஏற்படுத்திய உழைக்கும் மகளிர் சங்கம், சிறு வியாபாரப் பெண்களுக்குக் கைக்கடன் கொடுத்துத் தொடங்கி, அதிராம்பட்டினத்து மீன்காரப் பெண்கள் வரைக்கும் பரவியது.

சுய உதவிக் குழுக்கள் இப்போது ஊர்தோறும் உள்ளன. 1989-ல் தர்மபுரி ஜில்லாவில் தொடங்கிய அந்த ஏற்பாட்டின் நன்மையை மறுப்பார் இல்லை. ஆயினும் குழுக் கூட்டம், பாங்கிக் கூட்டம், பயிற்சிக் கூட்டம் என்று மாதத்தில் எத்தனை நாள் போகிறது என்று யாரும் கணக்கிடுவதாகத் தோன்றவில்லை. பெண்களுக்குப் பொழுது ஏராளம் என்ற எண்ணம் உத்தியோகஸ்தர்களிடையே எப்படியோ வேரூன்றிவிட்டது.

பொழுதைப் போலவே பணமும் வீட்டுக்கும் தொழிலுக்கும் இடையே அகப்பட்டுத் தவிக்கிறது. உப்பு மிகுதியாக விளையும் சித்திரையில் விலை இறங்கியிருக்கும், மழைக்காலத்தில் ஏறும். அம்பாரத்தைக் கீற்றால் மூடி ஐப்பசி வரை வைத்திருக்கக் கூடியவளுக்கு லாபம் உண்டு. ஆனால் பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் புஸ்தகம், சட்டை என்று செலவு வந்து நிற்கவே, அவள் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறாள். வீட்டுப் பணம் ஒரு பானையிலும் தொழிற் பணம் ஒரு பானையிலுமாகப் பிரித்து வைத்துக்கொள்கிற பெண்கள் இதில் ஓரளவு தப்புகிறார்கள். கணக்கு எழுதத் தெரியாவிட்டாலும் இரண்டு பானை வைக்க யாருக்கும் தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அளங்கள் நீரில் மூழ்கிக் கிடக்கும். அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்திற்கு 5,000 ரூபாய் உதவித்தொகை கொடுக்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டு சர்க்கார் 2022-ல் அமுலுக்குக் கொண்டுவந்தது. கூலிக்காரர்களின் பெயர் ஜாபிதாவில் எளிதிற் சேருகிறது. தானே விளைவிக்கிறவளும், வாங்கி விற்கிறவளும் தொழிலாளியா, வியாபாரியா என்ற கேள்வியில் விடுபட்டுப் போகக்கூடும். 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது பெய்த பெருமழை, யார் கூலிக்காரர், யார் சுயதொழில்காரர் என்று பார்த்துப் பெய்யவில்லை.

குடியானவர்கள் கவனிக்க வேண்டிய சட்டம் ஒன்றும் இருக்கிறது. மனிதர் நேரே உண்பதற்கான உப்பு அயோடின் கலந்ததாகவே விற்கப்பட வேண்டும் என்று 2006 முதல் விதி நடைமுறையில் இருந்து வருகிறது. தயாரிக்கும் இடத்தில் பத்து லட்சம் பங்குக்கு 30 பங்கும், வாங்குகிறவர் கைக்கு வரும்போது 15 பங்கும் அயோடின் இருக்க வேண்டும். கழுத்துக் கழலையையும், குழந்தைகளின் மூளை வளர்ச்சிக் குறைவையும் தடுக்க ஏற்பட்ட இவ்விதி நியாயமானதே. கால்நடைக்கும், மீன் முதலியன பதப்படுத்தவும் சாதாரணக் கல்லுப்பை விற்கத் தடையில்லை. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு, சமையலுக்கு அயோடின் உப்பையும், தொட்டிக்கும் தென்னைக்கும் வாசலில் வரும் கல்லுப்பையும் வாங்கினால் உப்புக்காரியின் தொழிலும் கெடாது. வீட்டாரின் தேகமும் கெடாது.

கிராம நிர்வாக அதிகாரிகளின் கையில் இன்னொன்றும் இருக்கிறது. 1947-ல் உப்பு வரி ஒழிந்தது. மறு வருஷமே 10 ஏக்கர் வரை லைசென்ஸ் இல்லாமல் உப்பு விளைவிக்க இடம் ஏற்பட்டது. சிறு அளக்காரர்களுக்கு அது பெரிய விடுதலை. இருந்தும் குத்தகைச் சீட்டும் ரசீதும் பெரும்பாலும் புருஷன் பேரிலேயே எழுதப்பட்டு வருகின்றன. அவன் இறந்தாலோ, வேலை தேடி வெளியூர் போனாலோ, இருபது வருஷம் அந்தப் பாத்தியில் நின்றவளுக்குக் காட்ட ஒரு காகிதம் இராது. விண்ணப்பங்களில் தொழில் என்ற இடத்தில் அவளுக்கு 'குடும்பத் தலைவி' என்று எழுதிவிடுவதும் வெகு சகஜம். அப்படி எழுதிய ஒரு சொல்லால் கடனும், நிவாரணமும், முதுமைக் காலத்துப் பென்ஷனும் தட்டிப் போவதுண்டு. சுயதொழில் செய்பவர் உள்ளிட்ட அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்ய மத்திய சர்க்கார் 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவில், 16 முதல் 59 வயது வரை உள்ள இப்பெண்கள் தங்கள் தொழிலைக் குறித்துக்கொள்ளலாம். எழுதுகிறவர் 'உப்பு விளைவிப்பவர்' என்றோ, 'உப்பு வியாபாரம்' என்றோ கேட்டு எழுதினால் போதும்.

தை மாதத்தில் அளங்களில் வண்டலை அப்புறப்படுத்தி, களிமண்ணை மிதித்துப் பாத்தி கட்டும் வேலை தொடங்குகிறது. சுற்றுக் கிராமங்களின் கிராம சபை ஜனவரி 26-ந் தேதி கூடுவதும் அந்த நாட்களில்தான். சபை வழக்கமாக முற்பகலிற் கூடுகிறது. அப்போது இந்த ஸ்திரீகள் முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டிருப்பார்கள். நீர் திறக்கும் வேளையைப் பற்றியும், அங்கன்வாடியை அளம் கூடும் நேரத்திற்குத் திறப்பதைப் பற்றியும் பேச வேண்டிய சபை அது. மாலை நான்கு மணிக்குக் கூட்டினால் அவர்கள் கால் கழுவிக்கொண்டு வந்து சேருவார்கள்.