கசடு லாரி எங்கே போகிறது?

ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் தென்பெண்ணையில் நுரை பொங்கி வருவதைச் செய்திகளில் எத்தனையோ முறை பார்த்துவிட்டோம். அந்த நுரையில் பெரும்பங்கு பெங்களூரின் சாக்கடையும் ஆலைக்கழிவும்தான். ஆனால் ஆறு பிறப்பது பெங்களூருக்கு வடக்கே, நந்தி மலைப் பகுதியில். அங்கிருந்து தேவனஹள்ளி வட்டாரத்தைக் கடந்து கீழே இறங்குகிறது. திப்பு சுல்தான் பிறந்த அந்தச் சிற்றூரில் 2015-ல் தொடங்கிய, செப்டிக் டேங்க் கசடைச் சுத்திகரிக்கும் ஒரு சின்ன நிலையத்தை நம்மூர்ப் பேரூராட்சிகள் அவசியம் பார்க்க வேண்டும்.

2011 கணக்குப்படி தேவனஹள்ளியின் மக்கள்தொகை சுமார் 28,000. நிலையம் வந்தபோது ஊரில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு குழி, இல்லையென்றால் செப்டிக் டேங்க். நிரம்பினால் லாரியைக் கூப்பிடுவார்கள். குழாயை விட்டு உறிஞ்சிக்கொண்டு போய்விடும். எங்கே போகிறது என்று வீட்டுக்காரர் கேட்பதில்லை. நம் ஊர்களிலும் இதே கதைதான். ஓடைக்கரை, ஏரி ஓரம், ஆளில்லாத சாலைப் பள்ளம்; சில இடங்களில் உரமாகும் என்று விவசாயிகளே வயலில் கொட்டச் சொல்வார்கள். அடுத்த மழையில் எல்லாம் நீர்நிலைக்குப் போய்ச் சேர்கிறது. டேங்க்கில் வருஷக்கணக்காகத் தேங்கிய கசடு, சாதாரணச் சாக்கடை நீரைவிடப் பல மடங்கு அடர்த்தியானது. அதைத் தின்னும் நுண்ணுயிரிகள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, மீன் மூச்சுத் திணறிச் சாகிறது.

தேவனஹள்ளி நிலையத்தை வடிவமைத்தது பெங்களூரின் சி.டி.டி. சொசைட்டி என்ற அமைப்பு. நாளொன்றுக்கு 6,000 லிட்டர், அதாவது ஒன்றிரண்டு லாரி லோடுதான் கொள்ளளவு. லாரி வந்து குழாயைத் திறந்தால் முதலில் கம்பிச் சல்லடை. துணி, பிளாஸ்டிக், நாப்கின் எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். பிறகு காற்றுப் புகாத தொட்டிகளில் கசடு புளித்து அடங்குகிறது. அங்கிருந்து மணலும் ஜல்லியும் பரப்பிய உலர்களத்துக்குப் போகிறது. நீர் கீழே வடிய, மேலே கசடு காய்ந்து வெடித்த ஏரிமண் போலாகிவிடும். வடிந்த நீர் தடுப்புத் தொட்டிகளிலும் செடி வளர்த்த ஜல்லிப் படுகையிலும் மெல்லச் சுத்தமாகிறது. பெரும்பாலும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானே இறங்கும் அமைப்பு என்பதால் மின்சாரச் செலவு மிகக் குறைவு. மின் கட்டணம் கட்ட முடியாமல் மோட்டாரை நிறுத்தி வைக்கும் நிலைமைக்கு இங்கே வாய்ப்பு குறைவு. சிறிய ஊருக்கு இதைவிடப் பெரிய வசதி வேறென்ன?

காய்ந்த கசடை அப்படியே வயலுக்கு அனுப்பக் கூடாது. குடற்புழு முட்டைகள் அதில் நெடுநாள் உயிரோடிருக்கும். அதனால் ஊரின் மக்கும் குப்பையோடு சேர்த்துக் குவிக்கிறார்கள். குவியலுக்குள் 55 டிகிரிக்கு மேல் ஏறும் சூடு நாள்கணக்கில் நீடித்தால் முட்டைகள் அழிந்துவிடும். அதன்பிறகு அது நல்ல எரு.

இந்த நிலையத்தால் கெலவரப்பள்ளி நுரை அடங்கப் போவதில்லை. அதற்குப் பெங்களூர்தான் பொறுப்பேற்க வேண்டும். குளியலறை, சமையலறைத் தண்ணீரும் இந்த நிலையத்துக்கு வருவதில்லை. திறந்த சாக்கடையில் ஓடும் அந்த நீருக்குத் தனி ஏற்பாடு வேண்டும். ஆனால் மிக அடர்த்தியான, நோய் பரப்பும் அழுக்கை ஓடைக்குப் போகாமல் தடுக்கப் பல கோடி ரூபாய் பாதாளச் சாக்கடைக்காக ஊர் காத்திருக்க வேண்டியதில்லை.

தமிழ்நாடு அரசு 2014-லேயே செப்டிக் டேங்க் கழிவுக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. மதுராந்தகம் பக்கத்திலுள்ள கருங்குழியில் மாநிலத்தின் முதல் கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. கட்டியது மட்டும் போதாது. லாரிக்காரருக்கு டீசல்தான் கணக்கு. நிலையம் தொலைவில் இருந்தாலோ, வாசலில் காக்க வைத்தாலோ, வண்டி இருட்டில் ஓடைப் பக்கம் திரும்பிவிடும். அருகருகே உள்ள ஊர்களைச் சேர்த்து, எல்லா லாரிக்கும் எட்டும் தூரத்தில் நிலையம் அமைப்பதும், லோடு வந்து சேர்கிறதா என்று பதிவேட்டில் குறித்துச் சரிபார்ப்பதும் பேரூராட்சி அலுவலகத்தின் வேலை. டேங்க் சுத்தம் செய்த ரசீதில் கசடு எங்கே கொட்டப்பட்டது என்ற வரியும் இருக்கட்டும் என்று கேட்க வீட்டுக்காரருக்கும் உரிமை உண்டு.